பாஸ் கிடைத்தால் செட்டிலா?

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் பெண் பார்க்கும் பேச்சில் ஒரு வாக்கியம் வந்து விழுந்ததும் மற்ற கேள்விகளெல்லாம் அடங்கிவிடுகின்றன: “பையன் சிங்கப்பூர்ல செட்டிலுங்க.” காடு எத்தனை ஏக்கர், கிணற்றில் தண்ணீர் நிற்கிறதா, தறி எத்தனை ஓடுகிறது என்று துருவித் துருவிக் கேட்கிற பெரியவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். என்ன வேலை பாஸ், எத்தனை வருஷத்துக்கு, சம்பளம் எவ்வளவு என்று கேட்பதில்லை. வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் ஒரு சென்ட் நிலத்துக்கும் முன்பணம் கொடுக்காதவர்கள், மகளின் வாழ்க்கையை இந்த ஒற்றைச் சொல்லை நம்பி ஒப்படைக்கிறார்கள். அந்தச் சொல் தவறு என்பதே என் வாதம். சிங்கப்பூருக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போகலாம், உழைக்கலாம், சேர்க்கலாம். ஆனால் அங்கே வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் குடியேறுவதில்லை. வேலை இருக்கும்வரை தங்கிக்கொள்ள அனுமதிக்கப்படுகிறார்கள். இந்த வேறுபாட்டை நமக்கு நாமே மறைத்துக்கொள்வதால்தான் குடும்பங்கள் நொந்துபோகின்றன.

நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கோவையில் விமானம் ஏறினால் நாலரை மணி நேரத்தில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம். தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ இன்றும் வருகிறது. தேக்கா சந்தையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கும். பனி இல்லை, குளிர் இல்லை. “நம்ம ஊரு மாதிரியேதானுங்க, சுத்தமா இருக்கும், அவ்வளவுதான்” என்று சொல்லிவிடுகிறோம். தட்பவெப்பத்திலேயே இது சரியில்லை. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கும் வருஷத்துக்கு 600, 700 மி.மீ. மழைக்கும் பழகிய உடம்புக்கு, 2,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்து ராத்திரியிலும் புழுக்கம் அடங்காத அந்தத் தீவு வேறு ஊர்தான். அது போகட்டும், பழகிவிடும். மொழி விஷயத்தில்தான் பெரிய மயக்கம் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி அங்குள்ள குடிமக்கள், நிரந்தரவாசிகளில் வீட்டில் தமிழை முதன்மையாகப் பேசுவோர் 2.5 சதவீதம், பத்தாண்டுக்கு முன்பு அது 3.3 சதவீதம். ரயில் நிலைய அறிவிப்புப் பலகையில் தமிழைப் பார்த்து மனம் நெகிழ்வது இயல்பு. ஆனால் அந்த எழுத்து, தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் உழைத்துக் குடிமக்களான தமிழர்கள் பெற்ற உரிமை. நேற்று விமானத்தில் இறங்கியவருக்கு அதில் பங்கு கிடையாது.

அவருக்குக் கிடைப்பது ஒரு அட்டை. சில ஆண்டுகளாக அந்த வேலை அனுமதி அட்டையில் காலாவதித் தேதியை அச்சிடுவதில்லை. அதிலுள்ள கியூஆர் கட்டத்தைக் கைப்பேசியால் படித்தால்தான் பாஸ் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். பட்டதாரிகளுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் முதலில் இரண்டு வருஷம் வரைக்கும், பிறகு ஒவ்வொரு முறையும் மூன்று வருஷம் வரைக்கும் தருகிறார்கள். 2025 ஜனவரி முதல் அதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்); நிதித்துறைக்கு இன்னும் அதிகம். நம் ஊர்க் காதுக்கு மூன்றரை லட்ச ரூபாயைத் தாண்டிய தொகை. ஆனால் அந்த 5,600, இளவயதுக்காரருக்கு. வயது ஏற ஏற அளவுகோலும் ஏறி, 45 வயதில் 10,700 வெள்ளியில் நிற்கிறது. அந்த வேகத்துக்குச் சம்பளம் ஏறாவிட்டால், ஒழுங்காக வேலை செய்துகொண்டிருப்பவருக்கும் பாஸ் புதுப்பிக்கப்படாமல் போகலாம். 2023 செப்டம்பரில் புது விண்ணப்பங்களுக்கும் அடுத்த ஆண்டில் புதுப்பித்தலுக்கும் ‘காம்பஸ்’ என்ற மதிப்பெண் முறை வந்தது. அதில் ஒரு விதியை நம் பெற்றோர் அவசியம் அறிய வேண்டும்: ஓரளவு பெரிய நிறுவனத்தில் நிபுணர்களில் கால்வாசியோ அதற்கு மேலோ ஒரே நாட்டவராக இருந்தால், அந்த நாட்டு விண்ணப்பதாரருக்குப் பன்முகத்தன்மைக்கான மதிப்பெண் பூஜ்யம். “அந்தக் கம்பெனில நம்மாளுங்க நெறைய இருக்காங்க” என்று நாம் ஆறுதலாகச் சொல்கிற விஷயமே அங்கே குறையாகக் கணக்கிடப்படுகிறது. வேலை போனால், பாஸ் ரத்தான பிறகு பொதுவாகக் கிடைக்கும் அவகாசம் 30 நாள். வீட்டு வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் பள்ளி, வாங்கிப்போட்ட கட்டில் பீரோ எல்லாவற்றையும் அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

குடும்பத்தோடு போய்விடலாம் என்பது அடுத்த நம்பிக்கை. மனைவி மக்களை அழைத்துக்கொள்ள மாதச் சம்பளம் 6,000 வெள்ளி வேண்டும். அதாவது 5,600 வெள்ளிக்குப் பாஸ் வாங்கிய பையன் கல்யாணம் முடித்து மனைவியைக் கூட்டிப்போக முடியாது. 6,000 வாங்குகிறவர் அழைத்துப்போகலாம்; ஆனால் 2021 மே மாதத்திலிருந்து, சார்ந்திருப்போர் பாஸில் வரும் மனைவி வேலை செய்ய வேண்டுமானால் தனக்கென்று தனி வேலை பாஸ் வாங்க வேண்டும். கோவைப் பீளமேட்டுக் கல்லூரிகளில் பொறியியல் படித்து, சரவணம்பட்டியில் கைநிறையச் சம்பாதித்துக்கொண்டிருந்த எத்தனையோ பெண்கள் இந்த ஒரு விதியால் நான்கு சுவருக்குள் உட்காருகிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் இதைச் சொல்வதில்லை. பெண் வீட்டாரும் கேட்பதில்லை. இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. பெற்றோரை உடன் வைத்துக்கொள்ள வேண்டுமானால் சம்பளம் 12,000 வெள்ளி. பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்த பிறகு மிஞ்சுகிற இடம்தான். கட்டணமும் பல மடங்கு. கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் ஒர்க் பெர்மிட்டில் போகிறவர்களுக்கோ எத்தனை வருஷம் உழைத்தாலும் குடும்பத்தை அழைத்துவரும் வழியே இல்லை. 2020இல் கொரோனா பரவியபோது, அவர்கள் தங்கியிருந்த விடுதிகளின் கதவு மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்ததை உலகம் பார்த்தது.

“பிஆர் வாங்கிட்டா முடிஞ்சுதுங்களே” என்று நிரந்தரவாச உரிமையைச் சொல்வார்கள். உண்மை, வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாதுகாப்பாகவும் இருக்கிறார்கள். ஆனால் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அங்கே வேலை செய்யும் வெளிநாட்டவர் சுமார் 15 லட்சம் பேர். நிரந்தரவாச உரிமை வருஷத்துக்கு ஏறத்தாழ 35,000 பேருக்கு. அது எல்லா நாட்டவருக்கும், மனைவி மக்களுக்கும் சேர்த்து. மறுத்தால் காரணம் சொல்வதில்லை. மக்கள்தொகையின் இன விகிதத்தைக் குலையாமல் வைத்திருப்போம் என்று அந்த அரசே வெளிப்படையாகச் சொல்கிறது. கிடைத்தாலும் பொறுப்புகள் உண்டு: பெற்றோர் வழியாக நிரந்தரவாசியாகும் மகன் இரண்டு ஆண்டு தேசிய சேவைக்குப் போக வேண்டும். குடியுரிமை எடுத்தால் இந்தியக் குடியுரிமையை விட வேண்டும். இதற்காக அந்த நாட்டைக் குறைசொல்வது நியாயமில்லை. சின்னத் தீவு, தன் மக்களுக்காகச் சட்டம் போடுகிறது, விதிகளை எழுதி வைத்து அப்படியே நடத்துகிறது. எழுதியிருப்பதைப் படிக்காமல் நாம் வேறொன்றை நம்புகிறோம்.

“என்ன இருந்தாலும் இங்கே அந்தச் சம்பளம் வருமா?” என்பது வலுவான கேள்வி. வராது. ஆனால் சம்பளத்தை ரூபாயில் எண்ணுகிறவர்கள் செலவையும் ரூபாயில் எண்ண வேண்டும். அடுக்குமாடியில் நான்கறை வீடு எடுத்தால் வாடகையே 3,000 வெள்ளியைத் தாண்டும். அதைவிட முக்கியம், அந்நாட்டின் மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. உள்ளூர்க்காரருக்கு நிறுவனம் சம்பளத்தில் 17 சதவீதம் வரை போடும். பாஸில் இருப்பவருக்கு ஒன்றும் கிடையாது. பதினைந்து வருஷம் உழைத்துத் திரும்புகிறவருக்கு அங்கேயும் சேமநிதி இல்லை, இங்கேயும் அத்தனை வருஷத்துக்கு பிஎஃப் இல்லை. தனியாக இருந்து, சிக்கனமாகச் சேர்த்து, ஐந்தாறு வருஷத்தில் கடனை அடைத்துவிட்டு வருகிறவருக்குக் கணக்கு உதைக்காது. செட்டில் ஆகிவிட்டோம் என்று நம்பி, தோட்டத்தை விற்று, இங்குள்ள தொழில் பழக்கத்தையும் விட்டு, நாற்பத்தைந்து வயதில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையோடு வந்து இறங்குகிறவருக்குத்தான் அது உதைக்கிறது.

வேலைக்கு வந்தவர் வேறு, குடியேறியவர் வேறு என்பது கொங்கு நாட்டுக்குப் புதிய பாடமில்லை. திருப்பூரின் பனியன் கம்பெனி விடுதிகளில் ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும் ஷிப்டு முறையில் படுத்து எழுகிறார்கள். 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, பயந்துபோய் ஊர் திரும்ப ரயில் நிலையத்தில் மூட்டையோடு நின்றார்கள். அவர்களை ‘பிழைக்க வந்தவங்க’ என்கிறோம். செட்டில் ஆனவர்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு, இந்தியாவில் எங்கும் வசிக்கவும் நிலையாகக் குடியிருக்கவும் அவர்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அந்த ஒடிசாக்காரர் மனைவியை அழைத்துவரச் சம்பளச் சான்று காட்ட வேண்டியதில்லை. அவள் பக்கத்துக் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேரலாம், பிள்ளையை மாநகராட்சிப் பள்ளியில் சேர்க்கலாம். கம்பெனி நின்றுபோனாலும் முப்பது நாளில் ஊரைவிட்டுப் போ என்று அவரிடம் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை. சிங்கப்பூரில் பாஸில் இருக்கும் நம் பொறியாளருக்கு இவற்றில் ஒன்றுகூட உரிமையாக இல்லை.