ஈடுசெய்ய முடியாதவர் என்பது புகழ்ச்சியன்று

ஓர் அணியையோ, துறையையோ, சங்கத்தையோ தோற்றுவித்தவர் ஓய்வு பெறும் நாளில், பிரிவு உபசார மேடையில் தவறாமல் ஒலிக்கும் தொடர் ஒன்றுண்டு: “இவரது இடத்தை எவராலும் நிரப்ப முடியாது.” மாலை சூட்டப்பட்டவர் கைகூப்பி அதை ஏற்றுக்கொள்கிறார். உண்மையில் அது ஒரு குற்றச்சாட்டு. பல்லாண்டு தலைமையில் இருந்த ஒருவர், தம் இருக்கையில் அமரத் தக்க ஒருவரைக்கூட ஆளாக்காமல் செல்கிறார் என்பதே அத்தொடரின் நேர்ப்பொருள்.

கல்விப்புலத்தில் இந்தத் தோல்வியை மறைத்துவிடலாம். ஒரு துறை செயலற்றுப்போனதை வெளியுலகம் உணரப் பத்தாண்டு பிடிக்கும். மோட்டார் பந்தய அணிக்கு அந்த வசதி இல்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை புள்ளிப் பட்டியல் வந்துவிடுகிறது. தலைமை மாற்றத்தைப் பற்றி மேலாண்மைப் பாடநூல்கள் சொல்லத் தயங்குவதைப் பந்தயத் தடம் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடும்.

மாதுங்காவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ஒர்லியில் தலைமையகம் கொண்ட மகிந்திரா குழுமத்தின் பார்முலா ஈ அணியை எடுத்துக்கொள்ளலாம். மின்சாரக் கார்களுக்கான அப்போட்டி 2014-இல் பெய்ஜிங்கில் தொடங்கியபோதே களமிறங்கிய ஒரே இந்திய அணி அது. முதல் பருவத்தில் அதன் இரு ஓட்டுநர்களில் ஒருவர் சென்னைக்காரரான கருண் சந்தோக். அணியைத் தொடக்கம் முதல் நடத்தியவர் தில்பாக் கில். 2017-இல் பெர்லினில் முதல் வெற்றி, அப்பருவத்தின் முடிவில் அணிகள் பட்டியலில் மூன்றாமிடம் என வளர்ச்சி தெளிவாகவே தெரிந்தது. 2021-இன் இறுதியில் கில் விலகினார். அடுத்த தலைமைச் செயலதிகாரியாக பிரெடெரிக் பெர்ட்ராண்ட் வந்தது 2022-இன் பிற்பகுதியில். இடைப்பட்ட காலம், மூன்றாம் தலைமுறைக் காரை ஒவ்வொரு அணியும் உருவாக்கிக்கொண்டிருந்த காலம்! 2023 பிப்ரவரியில் கேப் டவுனில், பின்பக்க சஸ்பென்ஷன் பாதுகாப்பற்றது என்று ஐயுற்று, தகுதிச் சுற்றுக்கு முன்பே மகிந்திரா தன் கார்களை விலக்கிக்கொண்டது. காலி நாற்காலியையும் சஸ்பென்ஷனையும் நேர்க்கோட்டால் இணைப்பது முறையன்று. ஓர் உறுப்பின் பழுதுக்குப் பல காரணங்கள் இருக்கக்கூடும். ஆனால் புதிய காரை வடிக்கும் ஆண்டில் நிலையான தலைவர் இல்லாமல் ஓர் அணி இருந்தது ஏன் என்ற கேள்வி அதனால் மறைந்துவிடாது. கில் உரிமையாளர் அல்லர், ஊழியர். அவர் என்றேனும் ஒருநாள் செல்வார் என்பது முதல் நாளே தெரிந்த செய்தி.

இவ்விடத்தில் “வாரிசு” என்ற சொல்லைச் சற்று உற்றுநோக்க வேண்டும். அரபு மூலத்திலிருந்து உருது வழியே தமிழுக்கு வந்த இச்சொல், முதலில் சொத்துரிமையின் சொல். தாராவியில் 2000 சனவரி 1 என்ற எல்லைநாளுக்கு முந்தைய சான்றைத் தேடி அலையும் குடும்பத்துக்கு, இறந்த தந்தையின் வாரிசு யார் என்பது வீடு கிடைக்குமா கிடைக்காதா என்ற கேள்வி. அங்கே அச்சொல் மிகச் சரியாகப் பொருந்துகிறது, ஏனெனில் அங்கே கைமாறுவது உடைமை. அதே சொல்லை நாளிதழ்கள் அணித் தலைவருக்கும், துறைத் தலைவருக்கும், சங்கச் செயலாளருக்கும் எழுதும்போது, கைமாறுவது பொறுப்பு என்பது மறைந்து போகிறது. தமிழில் வேறு சொல் இல்லாததால்தான் தமிழரிடம் அவ்வெண்ணம் இல்லை என்று வாதிடுவது மொழியியல் ஏற்காத மலினமான வாதம். சொல் எண்ணத்தைச் சிறைப்படுத்துவதில்லை. சோம்பேறித்தனத்துக்கு ஒரு திண்ணை கட்டித் தருகிறது, அவ்வளவே.

உடைமையும் பொறுப்பும் குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வில்லியம்ஸ் அணியை விடத் தெளிவான சான்று இல்லை. பிராங்க் வில்லியம்ஸ் 1977-இல் பாட்ரிக் ஹெட்டுடன் சேர்ந்து தொடங்கிய அணி, ஒன்பது முறை அணிகளுக்கான பட்டத்தை வென்றது. 2012-இல் அவர் இயக்குநர் குழுவிலிருந்து விலகினார். 2013-இல் மகள் கிளேர் அணியின் பொறுப்பை ஏற்றார். அவருக்குத் தரப்பட்ட பதவிப் பெயர்: துணைத் தலைவர். அன்றாட நிர்வாகம் அவருடையது, பழி அவருடையது, பெயர்ப்பலகை மட்டும் தந்தையுடையது. 2020-இல் அணி டோரில்டன் நிறுவனத்துக்கு விற்கப்படும்வரை, ஏழாண்டுகள், “துணை” என்ற முன்னொட்டு நீங்கவே இல்லை. மகள் என்பதாலேயே அவர் தோற்றார் என்று சொல்வோர் புள்ளிப் பட்டியலைப் பார்க்காதவர்கள். 2014-லும் 2015-லும் அவரது நிர்வாகத்தில் அணி மூன்றாமிடம் பெற்றது. பெருநிறுவனங்கள் கொட்டிய பணத்துக்கு ஈடுகொடுக்க இயலாமை 2018 முதல் கடைசி இடத்துக்குத் தள்ளியது. குற்றம் குருதியுறவில் இல்லை. விலகிய பின்னும் விலகாத நிறுவனரிடத்தில் இருக்கிறது.

இதற்கு எதிர்முனையில் ராஸ் பிரான். 2009-இல் ஹோண்டா கைவிட்ட அணியைத் தம் பெயரில் நடத்தி, அதே ஆண்டில் உலகப் பட்டம் வென்று, ஆண்டிறுதியில் மெர்சிடிஸுக்குக் கைமாற்றியவர். 2013 சனவரியில் டோட்டோ வோல்ஃப் உள்ளே வந்தார். சில மாதங்களில் பாடி லோவும் வந்தார். பிரான் அவ்வாண்டு முழுதும் உடனிருந்து, முடிவில் வெளியேறினார். 2014 முதல் 2021 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அணிப் பட்டம் மெர்சிடிஸுக்கே. அந்த ஓராண்டு இணக்கமாக மட்டுமே கழிந்தது என்று எண்ண வேண்டியதில்லை. தமக்கு மாற்றாக வருவோரை அடுத்த அறையில் வைத்துக்கொண்டு வேலை செய்வது எவருக்கும் இனிக்காது. இனிக்காததைச் செய்வதற்குத்தான் நிறுவனம் என்று பெயர்.

கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன்னில் நுழைந்தது ஜோர்டன் அணியில். நிறுவனர் எடி ஜோர்டன் அணியை விற்ற ஆண்டு அது. பின்பு மிட்லண்ட், ஸ்பைக்கர், விஜய் மல்லையாவின் போர்ஸ் இந்தியா, ரேசிங் பாயிண்ட், ஆஸ்டன் மார்ட்டின் எனப் பெயர்கள் மாறின. சில்வர்ஸ்டோனில் இருந்த பணிமனை மாறவில்லை. 2018-இல் போர்ஸ் இந்தியா கடனில் மூழ்கியபோது காப்பாற்றத் தகுந்ததாக எஞ்சியது அங்கிருந்த 400-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் வேலையும் அவர்களது கைப்பழக்கமுமே. குறைந்த செலவில் 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும் நான்காமிடம் பெற்றுத் தந்தவர்கள் அவர்கள். தலைவரின் படத்தை அட்டையில் போடும் இதழ்கள் இவர்களைப் பற்றி ஒரு பத்தி எழுதுவதில்லை.

கரிவர்தனுக்கு ஓய்வு பெறும் பேறே வாய்க்கவில்லை. 1995-இல் சிறு விமான விபத்தில் இறந்தார். ஆனால் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு அவர் வடிவமைத்த பார்முலா மாருதி, எந்த ஊர்ப் பட்டறையும் புரிந்துகொள்ளக்கூடிய கார். அவர் இல்லாதபோதும் அது ஓடியது. நரேனின் தலைமுறை அதில் பழகி வெளிவந்தது. செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது பின்னாளில். அது வெறும் மரியாதை. அவர் விட்டுச்சென்ற பொருள் அந்தக் கார்தான்.

அதே தடத்தில் அண்மை ஆண்டுகளில் நடக்கும் பார்முலா பாரத் போட்டிக்குப் பல ஊர்களின் பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களுடன் செல்கிறார்கள். மாதுங்காவின் வீ.ஜே.டி.ஐ. போன்ற கல்லூரிகளில் இயங்கும் இத்தகைய அணிகளில் தலைமை ஏறத்தாழ ஆண்டுதோறும் மாறியாக வேண்டும். நான்காமாண்டு முடிந்தால் தலைவர் வெளியே. வடிவமைப்புச் சுற்றில் நடுவர்கள், இந்த அளவு ஏன், இந்த உலோகம் ஏன் என்று கேட்பார்கள். “சென்ற ஆண்டு அண்ணன்மார் வைத்தது” என்ற விடைக்கு மதிப்பெண் இல்லை. ஆகவே சென்றவர்கள் காரணங்களை எழுதிவைக்க வேண்டியிருக்கிறது, வந்தவர்கள் அவற்றை எதிர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

இருபது வயது மாணவர் செய்வதை அறுபத்தைந்து வயதுப் பேராசிரியர் செய்வதில்லை. ஓய்வு நாள் பணியில் சேர்ந்த அன்றே பதிவேட்டில் எழுதப்பட்டுவிடுகிறது. ஆனாலும் அந்த நாள் வரும்போது களப்பணி ஒலிப்பதிவுகள் அவர் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. சொல்லடைவு அட்டைகளின் குறியீடு அவருக்கு மட்டுமே புரிகிறது. இரண்டாமாண்டு ஆய்வாளர், நெறியாளர் மாற்ற விண்ணப்பத்தோடு அலுவலகம் அலுவலகமாக நடக்கிறார். இடமோ விளம்பரம் செய்யப்படாமல் கிடக்கிறது. மேடையில் ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று பேசியவர்களுள், விளம்பரக் கோப்பில் கையெழுத்திடாமல் வைத்திருப்பவரும் அமர்ந்திருக்கிறார்.