பணமும் வரவில்லை, பதிலும் வரவில்லை

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குச் சேர வேண்டிய பணத்தை ஏன் நிறுத்தினீர்கள் என்ற கேள்வி 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து கேட்கப்பட்டு வருகிறது. முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். தில்லிக்கு நேரில் சென்றும் கேட்டார். நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவையில் எழுந்து கேட்டார்கள். கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு கேட்டது. உயர் நீதிமன்றமும் கேட்டது. இத்தனைக்கும் பிறகு, 2025 அக்டோபரில் மத்திய கல்வி அமைச்சகம் ஒரு முடிவுக்கு வந்தது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் சேரும் ஏழைக் குழந்தைகளுக்கான பங்கை மட்டும் தனியே பிரித்து விடுவித்தது. மீதிப் பணத்தைத் தொடவில்லை.

பாதி வழியில் நிற்கும் இந்த முடிவு, பிரச்சினையைத் தீர்ப்பதற்குப் பதிலாக அமைச்சகத்தின் சொந்த வாதத்தையே உடைத்துவிட்டது.

விவகாரத்தின் அடிப்படை வாசகர்கள் அறிந்ததுதான். அனைவருக்கும் கல்வி இயக்கம் உள்ளிட்ட மூன்று திட்டங்களை ஒன்றாக்கி 2018இல் சமக்ர சிக்‌ஷா கொண்டுவரப்பட்டது. செலவில் 60 சதவீதம் மத்திய அரசுடையது, 40 சதவீதம் மாநிலத்துடையது. 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்குச் சுமார் 3,586 கோடி ரூபாய்த் திட்டம் ஏற்கப்பட்டது. அதில் மத்தியப் பங்கு சுமார் 2,152 கோடி. இதற்கு ஒப்புதல் தந்தது அமைச்சகத்தின் திட்ட ஒப்புதல் வாரியமேதான். முதல் தவணையான 573 கோடி வரவில்லை. அடுத்தடுத்த தவணைகளும் வரவில்லை. நிதியாண்டே முடிந்துபோனது. சொல்லப்பட்ட காரணம், பிஎம் ஸ்ரீ பள்ளிகளுக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்பதாக உறுதி கேட்கும் ஒப்பந்தம் அது.

பிஎம் ஸ்ரீ 2022இல் அறிவிக்கப்பட்ட வேறொரு திட்டம். நாடு முழுவதும் 14,500 பள்ளிகளை முன்மாதிரியாக்குவது அதன் நோக்கம். சமக்ர சிக்‌ஷாவோ கோடிக்கணக்கான சாதாரணப் பிள்ளைகள் படிக்கும் சாதாரணப் பள்ளிகளுக்கானது. ஒன்றில் கையெழுத்திடாததற்கு இன்னொன்றின் பணத்தை எந்த விதியின்படி நிறுத்தலாம்? ஓராண்டுக்கும் மேலாக அமைச்சகம் நேராக நின்று பதில் சொல்லாத கேள்வி இதுதான். கட்டாயக் கல்விக்கான பங்கை அக்டோபரில் தனியே பிரிக்க முடிந்திருக்கிறது என்றால், இதை ஏப்ரலிலேயே பிரித்திருக்கலாம். ஒரு பங்கைக் கொள்கையோடு முடிச்சுப் போடக் கூடாது என்பது சரியென்றால், மற்றப் பங்குகளின் மீது போட்ட முடிச்சுக்கு என்ன நியாயம்?

தாமதத்தின் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கப்படும் 25 சதவீத இடங்களுக்கு, வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் இணையத்தில் விண்ணப்பம் பெறுவார்கள். ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்கள், வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கும். இடத்தைவிட ஆள் கூடினால் குலுக்கல். 2025இல் கோடை முழுவதும் அந்த இணையதளம் திறக்கவில்லை. ஜூனில் பள்ளிகள் திறந்தன. கையில் காசு இருந்தவர்களும் வட்டிக்கு வாங்கியவர்களும் கட்டணம் கட்டிப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். முடியாதவர்கள் ஆசையை விட்டுவிட்டு வேறு பள்ளிக்குப் போனார்கள். அக்டோபரில் சேர்க்கை தொடங்கியபோது, நுழைவு வகுப்பில் ஏற்கெனவே சேர்ந்திருந்த பிள்ளைகளிலிருந்தே தகுதியானவர்களைத் தேர்ந்தெடுக்கும் வழிமுறை வந்தது. ஜூனில் கட்டணம் கட்ட வழியில்லாத குடும்பத்தின் குழந்தை அந்த வகுப்பிலேயே இல்லை. சட்டம் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களே வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

இதில் மாநில அரசுக்கும் பங்கு உண்டு. மத்தியப் பணம் வரவில்லை என்பதைக் காட்டி மாநிலம் தன் சட்டக் கடமையிலிருந்து விலக முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் சொன்னது சரியே. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவோம் என்ற பொருள்படத் தலைமைச் செயலாளர் 2024 மார்ச்சில் கடிதம் எழுதியதும் உண்மை. ஆனால் ஒரு கடிதத்தின் வாசகத்துக்காக ஒரு மாநிலத்தின் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்குமான பணத்தை நிறுத்தலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அமைச்சகம் பதில் சொல்லும் விதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 நட்சத்திரமில்லாக் கேள்விகளும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. உறுப்பினர் தன் கேள்வியை (அ), (ஆ), (இ), (ஈ) என்று பிரித்துக் கேட்கிறார். எவ்வளவு நிறுத்தப்பட்டது, எப்போது, என்ன காரணம், எப்போது விடுவிக்கப்படும் என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் கேள்வி. வருகிற பதிலில் “(அ) முதல் (ஈ) வரை” என்று ஒரே தலைப்பு இருக்கும். கீழே, கல்வி அரசமைப்பின் பொதுப்பட்டியலில் உள்ளது, பெரும்பாலான பள்ளிகள் மாநிலங்களின் கட்டுப்பாட்டில் உள்ளன என்று தொடங்கும். பிறகு திட்டத்தின் நோக்கங்கள் வரிசையாக வரும். நிதி விடுவிப்பு என்பது செலவின் வேகம், மாநிலப் பங்கு, தணிக்கை அறிக்கை, பயன்பாட்டுச் சான்றிதழ் முதலியவற்றைப் பொறுத்தது என்று முடியும். நான்கு கேள்விகளும் ஒரே பத்தியில் கரைந்துபோகும். பதினைந்து நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, ஆயிரம் வேலைகளுக்கு நடுவே ஒரு உறுப்பினர் கேட்டதற்குக் கிடைப்பது, யார் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்கும் ஒரே வாசகம்.

அந்தப் பொதுப்பட்டியல் வாசகத்தின் பயன்பாடு கேள்விக்கு ஏற்ப மாறுகிறது. நாட்டில் அரசுப் பள்ளிகளின் எண்ணிக்கை 2014-15இல் 11,07,101 ஆக இருந்தது. 2023-24இல் 10,17,660 ஆகக் குறைந்தது. ஏறக்குறைய 90 ஆயிரம் பள்ளிகள் கணக்கிலிருந்து மறைந்திருக்கின்றன. அதே காலத்தில் தனியார் பள்ளிகள் சுமார் 43 ஆயிரம் கூடியுள்ளன. இதைப் பற்றிக் கேட்டால், பள்ளியைத் திறப்பதும் மூடுவதும் இணைப்பதும் மாநிலங்களின் அதிகாரம் என்று பதில் வருகிறது. நல்லது. பள்ளி மாநிலத்தின் பொறுப்பு என்றால், அந்தப் பள்ளியில் எந்தக் கொள்கை, எத்தனை மொழி என்பதை மட்டும் தில்லி எப்படி நிபந்தனையாக்குகிறது? தோல்வியைப் பற்றிக் கேட்டால் மாநிலத்தைக் கைகாட்டுவதும், பணத்தைப் பற்றிக் கேட்டால் உரிமையாளராக நிற்பதும் ஒரே அமைச்சகத்தின் இரண்டு நிலைப்பாடுகள். கல்வி 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குப் போனது, இரண்டு அரசுகளும் சேர்ந்து பொறுப்பேற்பதற்காக. ஒருவர் பொறுப்பைத் தட்டிக்கழித்து அதிகாரத்தை மட்டும் வைத்துக்கொள்வதற்காக அல்ல.

மாநிலம் என்ற மறைவிடமே இல்லாத பள்ளிகளைப் பற்றிக் கேட்டாலும் நிலைமை இதுதான். கேந்திரிய வித்யாலயாவும் நவோதயாவும் அமைச்சகத்தின் கீழ் உள்ள பள்ளிகள். இரண்டிலுமாக 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர் பணியிடங்கள் காலியாக இருப்பதாக நாடாளுமன்றத்திலேயே சொல்லப்பட்டது. ஏன் நிரப்பவில்லை என்றால், காலியாவதும் நிரப்புவதும் தொடர்ந்து நடக்கும் நடைமுறை என்ற வாசகம் ஆண்டுதோறும் வருகிறது. தமிழ்நாட்டில் உள்ள கேந்திரிய வித்யாலயாக்களில் நிரந்தரத் தமிழாசிரியர் ஒருவர்கூட இல்லை என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளிவந்தது. இந்திக்கும் சமஸ்கிருதத்துக்கும் நிரந்தர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தாய்மொழிக் கல்வியை வலியுறுத்துவதாகச் சொல்லும் கொள்கைக்காகத்தான் இந்தப் பணம் நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டுப் பெற்றோர் மறக்க மாட்டார்கள்.

2025 மார்ச் 10 அன்று நடந்தது இவை எல்லாவற்றையும் மிஞ்சியது. மக்களவையில் தமிழ்நாட்டு உறுப்பினர் ஒருவர் பிஎம் ஸ்ரீ பற்றிக் கேள்வி கேட்டார். நிறுத்தப்பட்ட பணத்தைப் பற்றியதே அது. கல்வி அமைச்சரிடமிருந்து பதிலாக வந்தது தமிழ்நாட்டு உறுப்பினர்களின் நேர்மையையும் நாகரிகத்தையும் இழிவுபடுத்தும் சொல். கடும் எதிர்ப்புக்குப் பிறகு அந்தச் சொல் திரும்பப் பெறப்பட்டது, அவைக்குறிப்பிலிருந்தும் நீக்கப்பட்டது. சொல்லை நீக்கியவர்கள், கேட்ட கேள்விக்குப் பதிலை அவைக்குறிப்பில் சேர்க்கவில்லை. மானியக் கோரிக்கையை ஆராய்ந்த நிலைக்குழு, பிஎம் ஸ்ரீயில் கையெழுத்திடாததற்காகச் சமக்ர சிக்‌ஷா பணத்தை நிறுத்துவது நியாயமல்ல என்று எழுதியது. மேற்கு வங்கத்தின் ஆயிரம் கோடிக்கும் மேலான தொகையையும், கேரளத்தின் 859 கோடியையும் சேர்த்தே அது பேசியது. பல கட்சியினரும் அமர்ந்திருக்கும் குழு அது. அதன் சொல்லுக்கும் மதிப்பில்லை.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல. 2019 மே 31 அன்று கல்விக் கொள்கையின் 484 பக்க வரைவு வெளியானது. இந்தியைக் கட்டாயமாக்கும் பகுதி இருப்பதைக் கண்டு தமிழ்நாடு கொதித்தது. ஜூன் 3 அன்று அந்தப் பகுதி மாற்றி எழுதப்பட்டிருந்தது. யார் எழுதினார்கள், யார் திருத்தினார்கள், மற்ற 480 பக்கங்களில் இப்படி இன்னும் என்னென்ன இருக்கின்றன என்பதற்கு அன்றும் பதில் இல்லை. மாநிலக் கல்வி அமைச்சர்கள் உட்கார்ந்து பேசும் மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம் அந்த ஆண்டு செப்டம்பரில் கூடியது. பிறகு பல ஆண்டுகள் கூட்டப்படவே இல்லை. நாடாளுமன்றத்தில் விவாதிக்காமல், நோய்த்தொற்றுக் காலத்தின் நடுவே, 2020 ஜூலை 29 அன்று அமைச்சரவை கொள்கையை ஏற்றது. நாடாளுமன்றத்திலேயே விவாதிக்காத கொள்கைக்கு, இன்று மாநிலங்களிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

2024 ஜூனில் நீட் தேர்வு குறித்துக் கேட்டபோதும் இதே வழிதான். வினாத்தாள் கசிந்ததற்கு ஆதாரமே இல்லை என்று முதலில் அடித்துச் சொன்னார்கள். பத்து நாள் போவதற்குள் விசாரணை சிபிஐயிடம் போனது. பிள்ளைகளும் பெற்றோரும் கேட்ட கேள்வி சரியென்று அமைச்சகமே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. பள்ளிகளின் கணக்கைச் சொல்லும் யுடைஸ் அறிக்கைகளும் 2022-23, 2023-24 இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து 2024 கடைசியில்தான் வந்தன. ஓராண்டுக்குள் சேர்க்கை 37 லட்சம் குறைந்ததாக அவை காட்டின. கணக்கெடுக்கும் முறை மாறியதால் பழைய ஆண்டுகளோடு ஒப்பிடக் கூடாது என்றார்கள். மாறிய முறையில் எடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு நடுவிலேயே வந்த சரிவுக்கு அந்த விளக்கம் பொருந்தவில்லை.

இதற்கிடையே ஊரில் நடப்பது என்ன? வட்டார வள மையத்தில் வேலை செய்யும் இயன்முறைப் பயிற்சியாளரை எடுத்துக்கொள்ளலாம். பெருமூளை வாதத்தால் நடக்க முடியாத பிள்ளையின் வீட்டுக்குப் போய், பாயில் படுக்கவைத்து, முழங்காலை மெல்ல மடக்கி நீட்டிப் பயிற்சி தருபவர் அவர். இடையில் விட்டால் பிள்ளையின் தசை மறுபடியும் இறுகிவிடும். அவருடைய சம்பளம் இந்தத் திட்டத்திலிருந்து வருகிறது. சிறப்பாசிரியர், ஆசிரியர் பயிற்றுநர், கணக்காளர் என ஆயிரக்கணக்கானோரின் சம்பளமும் அப்படியே. 2024 செப்டம்பர் மாதச் சம்பளம் உரிய நாளில் வராமல் அவர்கள் தவித்தார்கள். மலைக்கிராமப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிவரும் வண்டிக்கான பணமும், பெண் குழந்தைகள் தங்கிப் படிக்கும் கஸ்தூரிபா காந்தி விடுதிகளின் அரிசி பருப்புக்கான பணமும் இதே கணக்கில்தான் இருக்கின்றன. மாநில அரசு தன் கையிலிருந்து எடுத்துக் கொடுத்து ஓட்டியது. இதெல்லாம் யாருடைய தானமும் அல்ல. நாம் கட்டும் வருமான வரியின் மீது சுகாதாரம், கல்விக்கென 4 சதவீதக் கூடுதல் வரி பிடிக்கப்படுகிறது. அந்த வரி மாநிலங்களோடு பகிரப்படுவதில்லை. முழுவதும் மத்திய அரசின் கைக்கே போகிறது. பள்ளிக்கென்று வாங்கிய பணத்தைப் பள்ளிக்குத் தராமல் வைத்திருக்க யாருக்கும் உரிமை இல்லை.

தமிழ்நாடு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, வட்டியோடு சேர்த்து 2,291 கோடி ரூபாய் கேட்டிருக்கிறது. வழக்கு அதன் வேகத்தில் நடக்கட்டும். அதைக் காட்டி அமைச்சகம் அவையில் வாய் மூடிக்கொள்ள அனுமதிக்கக் கூடாது. தமிழ்நாட்டு உறுப்பினர்கள், எந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களானாலும், அடுத்த கூட்டத்தொடரில் இதை மீண்டும் கேட்க வேண்டும். பாதிக்கப்பட்ட மற்ற மாநில உறுப்பினர்களும் சேர்ந்துகொள்ள வேண்டும். கேள்விக்கு நேர்ப் பதில் வராதபோது அதை உரிமைப் பிரச்சினையாக எழுப்ப அவைத்தலைவர் வழிவிட வேண்டும். நிதி வழங்கும் முறையிலும் மாநிலங்களின் கருத்துக்கு இடம் இருக்கும்படி ஏதேனும் ஏற்பாடு வர வேண்டும்.

அமைச்சகத்திடம் நாம் கேட்பது ஒன்றுதான். தமிழ்நாட்டுக்கு ஏற்றுக்கொண்ட 2,152 கோடி ரூபாயை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி நிறுத்தினீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள். அப்படி ஒரு பிரிவு இல்லையென்றால், பணத்தை இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் முழுவதுமாக விடுவியுங்கள்.