நாய் க்ரூமிங் சைடு பிசினஸா? கிளிப்பர் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பக்க ஃபார்ம் ரெடி பண்ணுங்க



சைடு இன்கம் பற்றிப் பேசும்போது இப்போ அடிக்கடி காதுல விழுற ஐடியா, நாய் க்ரூமிங். திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ். சனி, ஞாயிறுல வாடிக்கையாளர் வீட்டுக்கே போய் நாயைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் வெட்டி, காது சுத்தம் பண்ணிட்டு வர்ற சர்வீஸ். "ட்ரையர் எவ்வளவு ஆகும்? எந்த கிளிப்பர் நல்லது? பர்சனல் லோன் போடலாமா?" இதுதான் எல்லாரும் முதல்ல கேட்கிற கேள்வி.

நான் திருப்பிக் கேட்கிறது ஒண்ணுதான். புதுசா ஒருத்தர் போன் பண்ணா, அவர்கிட்ட என்னென்ன தகவல் வாங்குவீங்க? "வாட்ஸ்அப்ல லொகேஷன் வாங்கிப்பேன்" என்பதுதான் உங்க பதில்னா, இந்தப் பதிவு உங்களுக்குத்தான். ஒரு பக்க ஃபார்ம்கூட இல்லாம இந்தத் தொழிலை ஆரம்பிக்காதீங்க. இது என் உறுதியான கருத்து.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

ட்ரையரும் கிளிப்பரும் வாங்கின நாள்ல இருந்து விலை குறையும். வாடிக்கையாளர் தகவல் மட்டும்தான் நாளாக நாளாக மதிப்பு கூடுற சொத்து. எப்படின்னு ஒரு உதாரணம் பார்க்கலாம்.

ஒரு தடவைக்கு 1,500 ரூபாய் வாங்குறீங்க. ஷி ட்சு மாதிரி முடி வளர்ந்துகிட்டே இருக்கிற நாய்கள் உங்ககிட்ட 30 இருக்கு. 6 வாரத்துக்கு ஒரு தடவை வந்தா வருஷத்துக்கு 8 தடவை. 30 நாய், 8 தடவை, 1,500 ரூபாய். மொத்தம் 3,60,000.

இப்போ கடைசியா எந்தத் தேதியில வந்தாங்கன்னே உங்ககிட்ட குறிப்பு இல்ல. அவங்களா ஞாபகம் வந்து கூப்பிட்டாதான் வேலை. வருஷத்துக்கு 5 தடவைதான் கூப்பிடுறாங்கன்னு வெச்சுக்கோங்க. வருமானம் 2,25,000. வித்தியாசம் 1,35,000 ரூபாய். நாயோட பெயர், இனம், கடைசியா வந்த தேதி, அடுத்த தேதி. இந்த நாலு கட்டத்தோட விலை அது.

விலை சொல்றதுக்கும் இதே தகவல்தான் வேணும். இனம், எடை, வயசு, முடி சிக்கு விழுந்திருக்கா, கடைசியா எப்போ க்ரூமிங் பண்ணாங்க, இதையெல்லாம் கேட்காம போன்ல ஒரு ரேட் சொல்லிட்டு, நேர்ல போய்ப் பார்த்தா உடம்பு முழுக்கச் சிக்கு. ஒன்றரை மணி நேர வேலை மூணு மணி நேரமாகும். அடுத்த அப்பாயின்ட்மென்ட் போச்சு. அங்கேயே நின்னு ரேட்டை ஏத்தினா பெயரும் போச்சு.

பணத்தைவிடப் பெரிய ரிஸ்க்

நீங்க வேலை செய்யப் போறது பல்லும் நகமும் இருக்கிற, பயந்தா கடிக்கிற ஒரு உயிர்கிட்ட. அதனால ஃபார்ம்ல முதல் கேள்வி: ரேபிஸ் தடுப்பூசி எப்போ போட்டாங்க? "போட்டாச்சு"ங்கிற வாய் வார்த்தை போதாது. தடுப்பூசி புத்தகத்தோட அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. சென்னை மாநகராட்சியில வளர்ப்பு நாய்க்கு உரிமம் வாங்கவே ரேபிஸ் தடுப்பூசி சான்று கேட்கிறாங்க. நீங்க கேட்கிறதுல எந்தத் தப்பும் இல்ல. ரேபிஸ் அறிகுறி வந்துட்டா கிட்டத்தட்ட யாரும் பிழைக்கிறதில்ல. கடி பட்டா உடனே சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு, நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும். இந்தத் தொழிலுக்கு வர்றதா இருந்தா, முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கிறதைப் பற்றி டாக்டர்கிட்ட பேசுங்க.

அடுத்தது, இதுக்கு முன்னாடி யாரையாவது கடிச்சிருக்கா? நகம் வெட்டும்போது, காதைத் தொடும்போது எப்படி நடந்துக்கும்? இதைக் கேட்கக் கூச்சப்படாதீங்க.

மூணாவது, நாயோட உடல்நிலை. வலிப்பு, இதய நோய், தோல் அலர்ஜி, காதுல புண், சமீபத்துல ஆபரேஷன், இப்போ சாப்பிடுற மருந்து. பக் மாதிரி மூக்கு சப்பையா இருக்கிற நாய்களுக்கு மூச்சு விடுறதே சிரமம். சூடான ட்ரையர் காத்துல கொஞ்ச நேரம் கூடுதலா நின்னாலே ஆபத்து. வயசான நாய் அதிக நேரம் நிக்காது. இது தெரியாம வேலை ஆரம்பிச்சு அந்த நாய்க்கு ஏதாவது ஆச்சுன்னா, அந்தக் குடும்பத்துக்கு எந்தப் பணமும் ஈடாகாது.

கையெழுத்து வாங்க வேண்டிய விஷயங்கள்

1. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நாய் எப்படி இருந்தது: புண், கட்டி, உண்ணி, சிக்கு. ரெண்டு போட்டோ போதும். சிக்கை வெட்டி எடுத்ததும் அடியில தோல் சிவந்திருக்கும். முன்னாடியே சொல்லலைன்னா, அது நீங்க பண்ணினதாத்தான் தெரியும்.

2. மொட்டை அடிக்கலாமா? ஹஸ்கி, பொமரேனியன் மாதிரி இரட்டை அடுக்கு முடி இருக்கிற நாய்களுக்கு, ஒட்ட வெட்டினா பழையபடி வளராமப் போக வாய்ப்பிருக்கு. "வெயிலா இருக்கு, எடுத்துடுங்க"ன்னு சொல்றவங்ககிட்ட இதை விளக்கி, எழுத்துல ஒப்புதல் வாங்குங்க.

3. அவசரம்னா எந்தக் கால்நடை மருத்துவர்? ஓனரை போன்ல பிடிக்க முடியலைன்னா எவ்வளவு ரூபாய் வரைக்கும் செலவு பண்ணலாம்? வேற யாரைக் கூப்பிடணும்?

4. இன்ஸ்டாகிராம்ல போட்டோ போடலாமா? ஆம், இல்லை.

இன்னொரு விஷயம். "எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல"ன்னு ஒரு வரி போட்டுட்டா தப்பிச்சுக்கலாம்னு நினைக்காதீங்க. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல சேவைக் குறைபாடுன்னு ஒண்ணு இருக்கு. தப்பு உங்க அலட்சியத்தால நடந்திருந்தா அந்த வரி உங்களைக் காப்பாத்தும்னு நம்ப முடியாது. இதுல உங்களுக்கு உதவப் போறது, என்ன கேட்டீங்க, அவங்க என்ன சொன்னாங்க, நீங்க என்ன பண்ணீங்கங்கிற பதிவுதான்.

எதை வாங்கக் கூடாது?

ஃபார்ம் போடச் சொன்னதும் சிலர் ஆதார் நகல், ஓனரோட பிறந்த தேதி, வேலை செய்யிற கம்பெனி வரைக்கும் கேட்க ஆரம்பிச்சுடுவாங்க. வேண்டாம். ஒரு நாயைக் குளிப்பாட்ட ஆதார் எதுக்கு? 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோட அடிப்படையே, எதுக்கு வாங்குறோம்னு சொல்லணும், சம்மதம் வாங்கணும், தேவையானதை மட்டும் வாங்கணும்ங்கிறதுதான். ஒருத்தரோட முகவரி, போன் நம்பர், வீட்டுல எந்த நேரம் ஆள் இருப்பாங்கங்கிறது எல்லாம் உங்க கையில இருக்கு. அதை அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல போடுறதோ, பெட் ஷாப் வெச்சிருக்கிற நண்பருக்கு லிஸ்ட்டா கொடுக்கிறதோ கூடவே கூடாது.

இதுல வரி எங்க வருது?

ஒவ்வொரு வேலைக்கும் தேதி, நாய், தொகை, பணமா யூபிஐயாங்கிற நாலு விஷயத்தை அதே ஷீட்ல எழுதிட்டே வாங்க. அதுதான் உங்க டர்ன்ஓவர் ரெக்கார்டு. 44ஏடி-ன்னு நமக்குப் பழக்கமான அனுமான வரி முறையில, யூபிஐ, பேங்க் வழியா வந்த வரவுக்குக் குறைந்தபட்சம் 6 சதவீதமும், ரொக்கமா வந்ததுக்கு 8 சதவீதமும் லாபமாக் காட்டணும். மேலே சொன்ன 3,60,000 முழுக்க யூபிஐ-ல வந்தா, குறைந்தபட்ச லாபம் 21,600. பிசினஸ் வருமானம் வந்துட்டா ஐடிஆர்-1 போட முடியாது, ஞாபகம் வெச்சுக்கோங்க. ஜிஎஸ்டி-க்கு சர்வீஸ் வரம்பு 20 லட்சம். அதுல உங்க சம்பளம் சேராது. ஆபீஸ் ஆஃபர் லெட்டர்ல வேற வேலை பார்க்கலாமான்னு என்ன போட்டிருக்குங்கிறதையும் ஒரு தடவை படிச்சிடுங்க.

"ஃபார்ம் கொடுத்தா கஸ்டமர் ஓடிடுவாங்களே?"

நியாயமான பயம்தான். ரெண்டு பக்கம், 40 கேள்வின்னு கொடுத்தா யாரா இருந்தாலும் ஓடத்தான் செய்வாங்க. அதனால ரெண்டா பிரிங்க. புக்கிங் பண்ணும்போது போன்ல அஞ்சு கேள்வி: இனம், எடை, வயசு, தடுப்பூசி, கடிக்கிற பழக்கம். மீதியை நேர்ல, வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, நாய் உங்களை மோப்பம் பிடிச்சுப் பழகிக்கிற அந்த அஞ்சு நிமிஷத்துல நீங்களே கேட்டு எழுதுங்க. தமிழ்லயே ஃபார்ம் இருக்கட்டும். பல வீட்டுல நாயைப் பார்த்துக்கிறது அம்மாவோ தாத்தாவோதான்.

அதுக்கப்புறமும் தடுப்பூசி விவரம் தர மாட்டேன்னு ஒருத்தர் அடம் பிடிச்சா, அந்த 1,500 ரூபாய் உங்களுக்கு வேண்டாம். விட்டுடுங்க.

லோனுக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி, இந்த சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்த ஒரு பக்கத்தை எழுதுங்க. தெரிஞ்சவங்க வீட்டு நாய் அஞ்சுக்கு அதை நிரப்பிப் பாருங்க. எந்தக் கேள்வி விட்டுப்போச்சு, எது தேவையில்லன்னு அப்பவே தெரிஞ்சிடும். ட்ரையரை அதுக்கப்புறம் வாங்கிக்கலாம்.