ஐஸ் பெட்டிக்குள் 3 பைகள்: அரியலூர், பெரம்பலூரில் தானமாகும் உறுப்பு கெடாமல் போய்ச் சேருவது எப்படி?

உடல் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என 2023 செப்டம்பர் 23-ல் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அதிகாரிகள் மலர்வளையம் வைக்கும் காட்சியும், போக்குவரத்தை நிறுத்தி ஆம்புலன்ஸ் பறக்கும் 'கிரீன் காரிடார்' வீடியோவும் இப்போ எல்லோருக்கும் பழகிவிட்டது. ஆனால் அந்த ஆம்புலன்ஸில் இருக்கும் ஐஸ் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் காட்டுவதில்லை. உள்ளே இருப்பது ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கட்டிய 3 பிளாஸ்டிக் பைகள். அவற்றில் ஒன்று கசிந்தால் ஒரு குடும்பத்தின் தானமே வீணாகிவிடலாம்.

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் இதில் என்ன சம்பந்தம்?

அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ல் திறக்கப்பட்டது. பக்கத்து மாவட்டமான பெரம்பலூரில் இன்னும் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை, பெரம்பலூர் நகருக்கு ரயிலும் இல்லை. சென்னை - திருச்சி நெடுஞ்சாலைதான் எல்லாத்துக்கும் வழி. அரியலூர் பக்கம் ரயில் உண்டு, ஆனால் சாலையில் இறங்கினால் சுண்ணாம்புக்கல், சிமென்ட் லாரிகளுக்கு நடுவேதான் போகணும்.

உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது 1994-ல். அதில் 2011-ல் செய்த திருத்தம் திசுக்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. உறுப்பை எடுப்பதற்கு மட்டும் பதிவு செய்துகொள்ளும் மருத்துவமனை என்ற தனி வகையும் அப்போதுதான் உருவானது. சிறிய மாவட்டங்களும் தானத்தில் பங்கெடுக்க இது வழி திறந்தது. கூடவே இன்னொரு விஷயமும் வந்தது: எடுக்கும் இடம் ஒன்று, பொருத்தும் இடம் வேறொன்று. நடுவில் திருச்சி என்றால் சுமார் 60, 70 கிலோமீட்டர், சென்னை என்றால் 250-க்கும் மேல். சித்திரை வெயில் 40 டிகிரி. இந்தத் தூரத்தைத் தாங்க வேண்டியது அந்தப் பைதான்.

ஏன் 3 பை?

முதல் பையில் உறுப்பும், அது முழுசாக மூழ்கும் அளவுக்குக் குளிர்ந்த பதப்படுத்தும் திரவமும் இருக்கும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1980-களில் உருவான திரவம் இதில் பிரபலம். காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு இறுக்கமாகக் கட்டுவார்கள். கெட்டியான டப்பாவில் இது முடியாது. உள்ளே காற்று தங்கும், வண்டி குலுங்கும்போது உறுப்பும் அடிபடும். மெல்லிய பையின் பலமே இதுதான். இரண்டாவது பையில் குளிர்ந்த உப்புநீர்க் கரைசல். மூன்றாவது, வெளி அழுக்கும் ஐஸ் உருகிய தண்ணீரும் உள்ளே போகாமல் இருக்க.

இவ்வளவு அடுக்கு எதற்கு, நேரா ஐஸில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். மீன் கடையில் அப்படித்தானே வைக்கிறார்கள்! மீன் திரும்ப உயிரோடு வேலை செய்ய வேண்டியதில்லை. உறுப்பு செய்யணும். ஐஸ் நேரடியாகப் பட்டால் அந்த இடத்தில் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து, படிகமாகி, செல்லைக் கிழித்துவிடும். உறையக் கூடாது, ஆனால் சுமார் 4 டிகிரியில் குளிர்ந்தும் இருக்கணும். நடுவில் உள்ள உப்புநீர் அடுக்கு அந்த மெத்தை. பெட்டியில் போடும் ஐஸும் நொறுக்கியதாக இருப்பது நல்லது. பெரிய கட்டியின் கூர்முனை பையைக் குத்தும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இந்த முறையில் இதயத்துக்குக் கிடைப்பது 4 முதல் 6 மணி நேரம். கல்லீரலுக்கு சுமார் 12 மணி, சிறுநீரகத்துக்கு ஒரு நாளுக்கும் கொஞ்சம் மேல்.

கண் தானத்தின் கதை கொஞ்சம் வேறு. இறந்த 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்கணும். பிறகு கருவிழியைப் பைக்குப் பதில் சிறு குப்பியில் ஊட்டத் திரவத்தில் வைப்பார்கள். மதுரை அரோலேப் தயாரிக்கும் கார்னிசோல் என்ற திரவம் 14 நாள் வரை தாங்கும். அவசரம் இதில் குறைவு.

பை கிழிந்தால் என்ன ஆகும்?

மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைக்கும் ரத்த மூலசெல் போன்றவற்றுக்கு சாதாரண பிளாஸ்டிக் உதவாது, கண்ணாடி மாதிரி உடையும். எத்திலீன் வினைல் அசிடேட் என்ற தாங்கும் வகையே வேண்டும். அதற்கும் ஒரு பாடம் உண்டு. ஒரு நைட்ரஜன் தொட்டியில் கசிந்த பையிலிருந்து ஹெபடைடிஸ் பி வைரஸ் அதே தொட்டியில் இருந்த மற்ற பைகளுக்கும், அவற்றைப் பெற்ற நோயாளிகளுக்கும் போய்ச் சேர்ந்ததாக லண்டன் மருத்துவர்கள் 1995-ல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். பைக்கு மேல் இன்னொரு பை போட்டு சீல் வைப்பதிலும், திரவத்தில் முக்காமல் அதன் ஆவியில் வைப்பதிலும் உலகம் அக்கறை காட்ட அந்தச் சம்பவமும் ஒரு காரணம்.

அரியலூர் மாதிரி மாவட்டத்துக்கு விலை உயர்ந்த இயந்திரப் பெட்டி உடனே தேவை என்று சொல்ல முடியாது. கிருமி நீக்கிய 3 பை, கட்டும் நாடா, லேபிள், திரவம் எல்லாம் ஒரே செட்டாக மருத்துவமனை அலமாரியில் எப்போதும் தயாராக இருக்கணும். நள்ளிரவில் தேடக் கூடாது. பெட்டிக்குள் வெப்பநிலையைப் பதிவு செய்யும் சின்னக் கருவி ஒன்றும் வேண்டும். இல்லாவிட்டால் வழியில் என்ன நடந்தது என்று பொருத்தும் மருத்துவருக்குத் தெரியவே தெரியாது. அரசு மரியாதைக்கு ஆகும் ஏற்பாட்டோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவு இல்லை.

உங்கள் கைக்கும் திசு வரலாம்

தானம் எல்லோருக்கும் நேராது, பயாப்ஸி நேரலாம். கட்டியிலிருந்து எடுத்த சதையை டப்பாவில் போட்டு, "திருச்சி லேபில் கொடுத்துடுங்க" என்று உறவினரிடமே தருவது நம்ம ஊரில் சாதாரணம். அந்த டப்பா கட்டைப்பையில் பஸ் ஏறிப் போகும். உள்ளே இருக்கும் ஃபார்மலின் திரவம் சிந்திவிட்டால் சதை காய்ந்து, புற்றுநோயா இல்லையா என்று சொல்ல முடியாமல் போகலாம். மறுபடியும் கத்தி, மறுபடியும் காத்திருப்பு.

உறுப்புக்குச் சொன்னது இங்கே தலைகீழ்: ஃபார்மலினில் இருக்கும் சதைக்கு ஐஸ் வேண்டாம், ஃப்ரீசர் கூடவே கூடாது. சதை திரவத்தில் முழுசாக மூழ்கியிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். குறைவாகத் தெரிந்தால் அங்கேயே கேளுங்கள், நீங்களாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூடியை இறுக்கி, ஜிப் கவருக்குள் நிமிர்த்தி வையுங்கள். திரவம் கையில் பட்டால் எரியும், ஆவியை முகராதீர்கள். பெயரும் வயதும் டப்பாவின் மேலேயே ஒட்டியிருக்கணும், மூடியில் மட்டும் இருந்தால் போதாது. லேபில் மூடியைக் கழற்றி வைத்த பிறகு எது யாருடையது என்று அந்த ஒட்டுதான் சொல்லும்.