குறிக்கோடும் குறிக்கோளும்

வேட்டைத் துவக்கின் தொலைநோக்கிக் கண்ணாடியினுள் எத்தகைய குறிக்கோடு வேண்டும்? கோடுகள் மிகுந்தால் குறி தப்பாதென்பர் சிலர். யாம் அதற்கு உடன்படோம்.

மகாவலி பாயும் நாவலப்பிட்டியின் மழைமூட்டத்தை நினைமின். அந்தி மங்கலில் மெல்லிய குறுக்குக்கோடு மரநிழலிற் கரைந்துவிடும். ஓரத்தில் தடித்தும் நடுவில் மெலிந்தும் அமைந்த கோடே கண்ணை நடுவிற்கு ஈர்க்கும். அமெரிக்க லூபோல்ட் நிறுவனம் 1962இல் அறிமுகஞ் செய்த அமைப்பு இதுவே. தூரங் கணிக்கும் புள்ளிகள், நூறு யாருக்கப்பாற் பார்வை செல்லாத காட்டில் வீண்பாரமே.

எனினும், தெளிவான கோடு சுடுவதற்கு உரிமையாகாது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளை வீழ்த்தி, 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்ட மேஜர் றொஜர்ஸ் காலத்தில் தடுக்கச் சட்டமில்லை. நமக்கோ 1937ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் உண்டு. சட்டம் அனுமதித்த வேட்டையிலும், குறி பிழைத்தாற் காயமுற்ற விலங்கு புதரிற் புகுந்து நெடுநேரந் துடிக்கும். ஆதலின், கோடு மங்கியதும் விசையினின்று விரலை எடுப்பவனே நல்ல வேட்டைக்காரன்.