கடைசிப் படகு போன பிறகும் பிள்ளை அங்கேதான்

இலங்கையின் வட மாகாணத்து நெடுந்தீவு போன்றதொரு தீவுப் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குப் பாடத்தில் ஒரு சிறுவன் கொப்பியைக் கிழிக்கிறான், முன்வாங்கில் இருப்பவனைக் கிள்ளுகிறான். ‘குழப்படி’ என்று விறாந்தையில் நிறுத்துகிறார்கள். மறுநாளும் அதே பாடம், அதே கிழிப்பு, அதே விறாந்தை. மூன்றாம் நாள் யாரும் சொல்லாமலே எழுந்து போய் வெளியே நிற்கிறான். பெருக்கல் வாய்ப்பாடு அவனுக்குத் தெரியாது. அதை மறைக்க வழி பழக்கிக் கொடுத்தது பள்ளிக்கூடம்.

வகுப்பறை நடத்தைச் சிறப்பாளர் என்பவர் இதைக் கண்டுபிடிக்க வேண்டியவர். பின்வாங்கில் அமர்ந்து, எந்தப் பாடத்தில், எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிறகு பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று நாட்கணக்காகக் குறிப்பவர். குறிப்பு கையில் இருந்தால் மருந்து சிறியது: கணக்கைப் பாதியாகக் குறை, கை உயர்த்தினால் உதவி கிடைக்கும் என்று பழக்கு. ஆனால் இந்த வேலையைப் படகு நேரம் பார்த்துச் செய்ய முடியாது. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குச் சுமார் ஒரு மணி நேரக் கடல்; காற்று கிளம்பினால் படகே இல்லை. காலையில் வந்து, மண்டபத்தில் கருத்தரங்கு வைத்து, படம் எடுத்துக்கொண்டு பின்னேரம் திரும்புவதற்குச் சேவை என்று பெயர் வைப்பது வெட்கக்கேடு. ஆலோசனை வழிகாட்டலை ஏற்கெனவே பாடச்சுமை நிறைந்த ஆசிரியர் தலையில் கட்டிவிட்டுக் கைகழுவுவதும் அதே கணக்குத்தான்.

இப்படியொரு சிறப்பாளர் இல்லாத இடத்தில் பிரம்பு வந்து நிற்கும். உடல் தண்டனை கூடாது என்று 2005இல் கல்வி அமைச்சின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை வந்தது. 2016இல் 12ஆம் இலக்கம் அதையே மீண்டும் சொன்னது. ஆசிரியர் அறைந்து செவிப்பறை பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரம்பை விடச் சொன்னார்கள், சரி. அதற்குப் பதிலாக ஆசிரியர் கையில் என்ன கொடுத்தார்கள்? சுற்றறிக்கையின் பிரதி ஒன்று!

தீவின் பிள்ளையைத் தீவை அறியாதவர் படிக்கவும் முடியாது. முதல் பாடத்திலேயே தூங்கி விழுபவன், இழுவைப் படகு அறுத்த வலையைத் தகப்பனுடன் விடிய விடியப் பொத்தியவனாக இருக்கலாம். 1985 மே 15இல் நெடுந்தீவுக் கடலில் ஓடிய குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டதைச் சுமக்கும் வீடுகள் இங்கே உண்டு. படகு பிந்தினால் அந்த வீடுகளில் பெரியவர்கள் முகம் மாறும், பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள். இதெல்லாம் எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்துக்குள் எழுதப்படும்?

மாகாணக் கல்வி நிர்வாகம் தன் போக்கை உடனே திருத்திக்கொள்ள வேண்டும். அதிகஷ்டப் பிரதேசம் என்று வகைப்படுத்திப் படி கொடுப்பதோடு கடமை முடிந்ததென எண்ணக் கூடாது. தண்டனை இடமாற்றத்துக்குரிய இடமாகத் தீவுகளைக் கருதும் வழக்கமும் ஒழிய வேண்டும். பயிற்சி பெற்ற நடத்தைச் சிறப்பாளர் ஒருவரை, பாடச்சுமை இல்லாமல், தீவிலேயே தங்கும்படி நியமியுங்கள். மழைக்கு ஒழுகாத விடுதி கொடுங்கள். அவருடன் நெடுந்தீவு இளைஞர் ஒருவரைச் சம்பளத்துடன் உதவியாளராகச் சேர்த்துப் பயிற்றுங்கள். வந்தவர் மாற்றலாகிப் போனாலும் அந்த இளைஞர் ஊரில் இருப்பார். வரும் கல்வியாண்டின் முதலாம் தவணை தொடங்கும் நாளில் அந்த இருவரின் பெயரும் பள்ளி வரவுப் பதிவேட்டில் இருக்க வேண்டும்.