இறங்காமல் மேலே போவதும் பாடம்தான்!



விமானம் ஓட்டுவதில் எது கஷ்டம் என்று யாரைக் கேட்டாலும், "இறக்குறதுதாம்ப்பா" என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கஷ்டம் கைத்திறமையில் மட்டும் இல்லை. 'சரியில்லை' என்று தெரிந்த அந்த நொடியில் இறங்காமல் விட்டுவிடும் மனசிலும், அதை வாய் திறந்து சொல்வதிலும் இருக்கிறது என்பது என் கருத்து.

புதிதாகப் பழக வருபவருக்கு செஸ்னா மாதிரி ஒரு சின்ன விமானம், பக்கத்தில் பயிற்சியாளர். ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வரவேண்டும். சக்கரம் தரையைத் தொட்டதும் நிற்காமல் மறுபடி ஏறவேண்டும். தரைக்குச் சில அடி இருக்கும்போது மூக்கை மெல்லத் தூக்கி வேகத்தைக் கரைப்பதற்கு 'ஃப்ளேர்' என்று பெயர். முந்தித் தூக்கினால் விமானம் மிதந்து தொப்பென்று விழும். பிந்தினால் தரையில் மோதி எம்பும். கண் ஓடுபாதையின் மறுகோடியில் இருக்கணும். மூக்குக்கு நேர் கீழே பார்த்தால் உயரம் பிடிபடாது.

ஒருநாள் பயிற்சியாளர் இறங்கிக்கொண்டு, "தனியா ஒரு சுற்று போய்ட்டு வா" என்பார். ஓர் ஆளின் எடை குறைந்ததால் விமானம் விறுவிறுவென்று ஏறுமாம்! நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்தால்தான் கமர்ஷியல் லைசென்ஸ். அதன்பிறகு சிமுலேட்டர், பிறகு பயணிகள் இல்லாத நிஜ விமானம், கடைசியில் பயணிகளோடு, பக்கத்தில் ஒரு பயிற்சி கேப்டன். அறுபது டன்னுக்கு மேல் எடை, மணிக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர் வேகம். விளையாட்டா?

இத்தனை பாடத்தோடும் சேர்த்து முதலிலிருந்தே இன்னொன்றும் சொல்லித் தருகிறார்கள். அதுதான் 'கோ அரவுண்ட்'. சரியாக வரவில்லையா? என்ஜினுக்கு முழுச் சக்தி கொடு, மேலே ஏறு, சுற்றி வந்து மறுபடி பார். இது தோல்வி இல்லை. இப்படி ஏறிப்போன விமானியைத் தண்டிக்கக் கூடாது என்பது இன்று விமான உலகம் ஏற்றுக்கொண்ட கொள்கை.

ஆனாலும் என்ன நடக்கிறது? நாடுகாணி மலையிறங்கி நிலம்பூர் வழியாகப் போனால் கரிப்பூர் விமான நிலையம். பந்தலூர்ப் பக்கத்து ஆட்கள் பலர் வளைகுடா போவதும் வருவதும் அதன் வழியாகத்தான். மலையை வெட்டி மேசை போல் அமைத்த ஓடுபாதை. 2020 ஆகஸ்ட் 7, நல்ல மழை. துபாயிலிருந்து வந்த விமானம் முதல் முயற்சியில் இறங்காமல் சரியாகவே மேலே ஏறிப்போனது. இரண்டாம் முறை பாதி ஓடுபாதை தாண்டித் தரை தொட்டு, விளிம்பைக் கடந்து பள்ளத்தில் விழுந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். துணை விமானி 'கோ அரவுண்ட்' என்று சொல்லியும் இறக்கம் தொடர்ந்தது. அவரும் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுக்கவில்லை என்கிறது விசாரணை அறிக்கை. அதற்குப் பத்து வருடம் முன்பு, 2010 மே 22 அன்று, மங்களூரில் 158 பேர் பலி. அங்கே துணை விமானி மூன்று முறை சொல்லியிருக்கிறார். மூன்று முறை!

நம்ம மலைப்பாதை பஸ்ஸைப் பாருங்கள். கண்டக்டர் "ஹோல்டான்!" என்று கத்தினால் டிரைவர் எவ்வளவு சீனியராக இருந்தாலும் முதலில் பிரேக், அப்புறம்தான் "என்னப்பா?" என்ற கேள்வி. அதில் டிரைவருக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

"ஆளாளுக்கு நிறுத்து நிறுத்துன்னா வேலை நடக்குமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் அளவை முன்கூட்டியே வைத்துவிடுகிறார்கள். மேகமாக இருந்தால் 1000 அடி, தெளிவாக இருந்தால் 500 அடி. அந்த உயரத்துக்கு வரும்போது வேகம், பாதை, சக்கரம் எல்லாம் சரியாக இருக்கணும். இல்லையா, மேலே போ. அங்கே பேசுவது சின்னவர் பெரியவர் இல்லை, அளவு!

இதில் நமக்கு என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. என்னைப் போல் வீட்டிலேயே முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள் இங்கே பலர். மேஸ்திரி முன்னால், துரை முன்னால் வாயைத் திறக்காதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பணிவு நமக்குச் சோறு போட்டது, மறுக்கவில்லை. ஆனால் லேத் சக்கில் சாவியை எடுக்காமலே சீனியர் சுவிட்சில் கை வைக்கும்போதும், "அண்ணனுக்குத் தெரியாததா" என்று சும்மா இருந்தால், அந்தச் சாவி யார் முகத்துக்குப் பறக்கும்? நாளைக்கு ஓசூரிலோ கோவையிலோ அப்ரண்டிஸாக நிற்கப்போவதும் நாம்தானே?

ஆகவே நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். முதலாண்டுக்காரர்களுக்குச் சொல்லித் தரும் முதல் விதியாக இது இருக்கட்டும். ஒர்க்ஷாப்பில் யார் "ஹோல்டான்" சொன்னாலும் மிஷின் நிற்கும். ஏன் சொன்னாய் என்று யாரும் நாலு பேர் முன்னால் கேலி செய்யக் கூடாது. சொல்கிறவனுக்குத் தைரியம் வேண்டும். கேட்கிறவனுக்கு அதைவிடப் பெரிய மனசு வேண்டும்.